கடைசி டிரம்மில் போன கடிதம்

அம்மா: முனையை விடாதே... விடாதேங்கறேன்ல! இப்ப இழு. இன்னும் கொஞ்சம். ஆங்... உதறு.

மகள்: அம்மா, நான் பெட்ஷீட் மடிக்க வரல.

அம்மா: வந்த கையோட ரெண்டு மடிச்சா குறைஞ்சா போயிடுவே? நாலாவது வார்டு துணி மொத்தமும் மூணு மணிக்குள்ள மாடிக்குப் போகணும். பாதியா மடி... உன் முனையை என்கிட்ட கொண்டா.

மகள்: இந்தா. ஒரே ஒரு கையெழுத்தும்மா. ஒரு நிமிஷ வேலை.

அம்மா: கை ஈரமா இருக்கு.

மகள்: காஞ்ச பெட்ஷீட்டைத்தானே மடிச்சுக்கிட்டிருக்கே?

அம்மா: ...அடுத்ததை எடு.

பெரியம்மா: யார்டி அது, என் இஸ்திரி ஆவிக்கு அந்தப் பக்கம்? உசரத்தைப் பார்த்தா நம்ம காலேஜ்காரி மாதிரி இருக்கே!

மகள்: நானேதான் பெரியம்மா. ஆவியைக் கொஞ்சம் நிறுத்துங்க, முகத்தைப் பார்க்கலாம்.

பெரியம்மா: நிறுத்தினா இந்த டாக்டர் கோட்டை யார் தேய்க்கறது, உன் காலேஜ் கம்ப்யூட்டரா? சரி, நடு வாரத்துல, பட்டப்பகல்ல, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறே. உங்கம்மா மூஞ்சி வேற பிழிஞ்சு போட்ட துணி மாதிரி இருக்கு. என்ன சமாசாரம்?

அம்மா: ஒண்ணுமில்லக்கா. நீ தேய்.

மகள்: ஒரு பேப்பர்ல கையெழுத்துக் கேட்டேன் பெரியம்மா. நான் வந்து பதினோரு பெட்ஷீட் ஆச்சு. இவங்க இன்னும் பேனாவைத் தொடல.

பெரியம்மா: பேப்பரா? அய்யய்யோ... மறுபடியுமா?

அம்மா: அக்கா!

பெரியம்மா: என்னை எதுக்கு முறைக்கறே? இவளே அன்னைக்குச் சொல்லி அழுததுதானே, இந்தச் சலவை ரூம்ல அந்தக் கதை தெரியாத ஆள் யாரு? படிப்பு ஏறல, கம்ப்யூட்டர் வேண்டாம், காலேஜை விட்டு நின்னுக்கறேன்னு இவ காலேஜ் பாரத்துல ஒரு லெட்டர் எழுதினா. எழுதினவ ஆபீஸ்ல குடுத்தாளா? சட்டைப் பாக்கெட்ல வச்சு மறந்துட்டு வீட்டுக்கு வந்தா. அந்தச் சட்டை சலவை மெஷின்ல, சனிக்கிழமை கடைசி டிரம்ல...

மகள்: போதும் பெரியம்மா.

பெரியம்மா: போதுமா? நல்ல கட்டம் இனிமேதானே வருது! வாரம் முழுக்க ஆஸ்பத்திரித் துணி, சனிக்கிழமை கடைசி டிரம் மட்டும் நம்ம வீட்டுத் துணிக்குன்னு விட்டுக் குடுத்திருக்காங்க. அன்னைக்குப் பார்த்து உங்கம்மா பாக்கெட்டைத் தேடாம போட்டுட்டா. திறந்து பார்த்தா, பட்டன் போட்ட பாக்கெட்டுக்குள்ள உன் லெட்டர் கூழா இருக்கு. தப்புப் பண்ணினவங்க இங்க கத்தற மாதிரியே "என் கை!"ன்னு ஒரு சத்தம் போட்டா பாரு... பக்கத்து கட்டடத்துல ஆபரேஷன் பண்ணிக்கிட்டு இருந்தவங்க கத்தியைக் கீழ போட்டிருப்பாங்க.

அம்மா: பழைய கதையெல்லாம் எதுக்குக்கா இப்ப?

பெரியம்மா: எனக்கு இன்னும் ஆறல, அதான். பத்தொன்பது வருஷம்! எத்தனை பாக்கெட் தேடியிருப்பே? சாவி, ஊசி, மோதிரம்... ஒரு தலையணை உறைக்குள்ளேர்ந்து பல்செட்டையே எடுத்தவ நீ. அந்த ஒரு நாள் மட்டும் உன் கண்ணு எங்கடி போச்சு?

அம்மா: தூக்கம் இல்லாம இருந்திருப்பேன். நீ பேச்சுல கோட்டைக் கோட்டை விடாதே.

பெரியம்மா: நான் ஏன் விடறேன்? இந்தக் கையால... அய்யோ! என் கை! என் கை!

அம்மா: பெட்ஷீட்டைப் போடு! நீ போய் சுவிட்சை அணை, நான் கோட்டைத் தூக்கறேன்... அக்கா, கையை எடு, கையை எடு!

மகள்: அணைச்சுட்டேன்! பெரியம்மா, உங்களுக்குச் சுட்டுடுச்சா?

பெரியம்மா: எனக்கு ஒண்ணும் இல்ல. காலர்தான்... தோசைக்கல்லாட்டம் ஆயிடுச்சு.

அம்மா: காலர் அடிப்பக்கம்தானே? மடிச்சா தெரியாது. தையல்காரர்கிட்ட ஒரு பட்டி வச்சுக் குடுக்கச் சொல்லலாம். குடு இப்படி.

பெரியம்மா: பேசிக்கிட்டே தேய்ச்சேன். அதான். டீ நேரத்துல எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன்.

அம்மா: சொல்லு. ஆனா அந்த நீலக் கோட்டுக் கதையை மிஞ்சாது.

பெரியம்மா: அதை மிஞ்ச இனிமே நான் பொறந்து வரணும். வெள்ளைக் கோட்டோட நீலத் துணியைப் போட்டுட்டேன். பெரிய டாக்டர் ஒரு மாசம் ஆகாச நிறத்துல திரிஞ்சாரு. கடைசியில, இதுவே நல்லா இருக்குன்னுட்டாரு!

அம்மா: நீ என்னடி தனியா சிரிக்கறே?

மகள்: இல்ல... ஒருத்தர்கூட "ஏன் இப்படிப் பண்ணினே"ன்னு கேக்கல பாரு. அதை நெனச்சேன்.

அம்மா: அதை எதுக்குக் கேக்கணும்? முதல்ல மெஷினை நிறுத்தணும், துணியைக் காப்பாத்தணும். ஏன், எதுக்குங்கறது டீ நேரத்துக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து இங்க அதுதான். ஒளிச்சு வச்சா ஒரு துணி போறதுக்குப் பதிலா ஒரு டிரம் போயிடும்.

மகள்: சரி, சுவிட்சும் அணைச்சாச்சு, உன் கையும் சும்மாத்தான் இருக்கு. இந்தா பேப்பர்.

அம்மா: கீழ விழுந்த பெட்ஷீட்டை எடு. அதை மறுபடி துவைக்கணும்...

மகள்: அம்மா! நாலு மணி பஸ்ஸை விட்டா எனக்கு இன்னைக்கு வேற பஸ் கிடையாது. நாளைக்குக் காலையில இதை ஆபீஸ்ல குடுக்கணும்.

அம்மா: விட்டா விட்டுட்டுப் போகட்டும்.

பெரியம்மா: ஏய், என்னடி பேச்சு இது? புள்ளை கண்ணு கலங்குது பாரு.

அம்மா: கலங்கட்டும்க்கா. எனக்கும்தான் கலங்குது. எட்டு மாசம்... போன் அடிக்கும்போதெல்லாம் இன்னைக்குச் சொல்லிடுவாளோ, இன்னைக்குச் சொல்லிடுவாளோன்னு. இப்ப பேப்பரோட வந்து நிக்கறா. சரி. நான் போடறேன் கையெழுத்து. ஆனா ஒண்ணு. இந்தத் தடவை பேப்பரை நீட்டக் கூடாது. வாயைத் திறந்து சொல்லட்டும். என் முகத்தைப் பார்த்து, "அம்மா, என்னால முடியல, நான் நின்னுக்கறேன்"னு சொல்லட்டும். அப்புறம் போடறேன்.

மகள்: நின்னுக்கறேனா? யாரு?

அம்மா: நீதான்!

மகள்: நான் எங்க நிக்கப் போறேன்? நீ பேப்பரைப் பார்த்தியா மொதல்ல?

அம்மா: பார்க்கணுமாக்கும். அதே காலேஜ் முத்திரை, அதே கோடு போட்ட பாரம்...

மகள்: எல்லாப் பாரத்துலயும் அதே முத்திரைதாம்மா போடுவாங்க! வந்ததுலேர்ந்து வாயைத் திறக்க விட்டியா? முனையைப் பிடி, உதறு, மடின்னு... பெரியம்மா, நீங்களே படிங்க. இவங்க நம்ப மாட்டாங்க.

பெரியம்மா: என் கண்ணாடி மேஜையில... சரி குடு, தள்ளிப் பிடிச்சுப் படிக்கறேன். "கணினித் துறை... முதலாம் ஆண்டு மாணவர்களுக்கான... லேப் துணைப் பயிற்சியாளராக... இம்மாணவி தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளார்." அடியே! "விடுமுறையில் விடுதியில் தங்கப் பெற்றோர் சம்மதம்..." அடி என் ராசாத்தி!

அம்மா: என்ன... என்ன போட்டிருக்கு? மறுபடி படிக்கா.

மகள்: புதுசா சேர்ற பிள்ளைங்க லேப்ல திணறுவாங்கல்ல? அவங்க கூட நின்னு உதவி பண்ற வேலைம்மா. ரெண்டாம் வருஷத்துல மூணு பேரைத்தான் எடுத்தாங்க.

பெரியம்மா: பதினோரு மார்க் வாங்கினவளா?

அம்மா: அக்கா, பன்னெண்டு.

மகள்: பன்னெண்டேதான். நூத்துக்கு. அப்பதான் அந்த லெட்டர் எழுதினேன். சுத்தி இருக்கறவங்க எல்லாம் பால் குடி மறக்கிறதுக்குள்ள கம்ப்யூட்டரைத் தொட்டவங்க. நான் காலேஜ்லதான் மொதமொதல்ல கீபோர்டைப் பார்த்தேன். யாரும் எதுலயும் மாட்டிக்கிட்ட மாதிரியே தெரியல. எல்லார் ஸ்கிரீனும் ஓடுது, என்னுது மட்டும் நிக்குது. நான் ஒருத்திதான் மக்குன்னு...

அம்மா: யாரு மக்கு? துணி மூட்டை நம்பரை அஞ்சு வயசுல தலைகீழா சொன்னவ நீ.

மகள்: கேளும்மா. லெட்டர் கூழாப் போச்சுல்ல? புது பாரம் வேணும்னா அடுத்த திங்கள்தான் தருவோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. சரி, ஒரு வாரம்தானேன்னு லேப்ல போய் உக்காந்தேன். ஒரு புரோகிராம் எழுதினேன். சுத்தணும், பத்துத் தடவை ஆனதும் நிக்கணும். நிக்கச் சொல்ற வரியைத் தப்பாப் போட்டுட்டேன் போல. சுத்துது, சுத்துது, நிக்கவே இல்ல.

பெரியம்மா: நம்ம மூணாம் நம்பர் டிரம் மாதிரி.

மகள்: அதே மாதிரி! என் மெஷினோட போனாப் பரவாயில்ல. எல்லாரும் பொதுவா வேலை செய்ற இடத்துல ஓட விட்டிருக்கேன். அறுபது பேர் மெஷினும் அப்படியே திக்கிப் போச்சு. வேற யாராவதா இருந்தா ஸ்கிரீனை மூடிட்டு நைசா வெளிய போயிருப்பாங்க. எனக்கு யோசிக்கவே நேரம் இல்ல. எழுந்திரிச்சு நின்னு, அடித்தொண்டையில...

அம்மா: அய்யோ, கத்திட்டியா?

மகள்: "என் கை!"ன்னு. உன் சுருதியிலயேம்மா. அந்த ஏசி ரூம்ல.

பெரியம்மா: செத்தேன்! அப்புறம்?

மகள்: எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. ரெண்டு பேர் சிரிச்சாங்க. காது மடல் சுடுது எனக்கு. அப்ப எனக்குப் பின்னால ஒருத்தன்... மேதைன்னுதான் அவனைக் கூப்பிடுவாங்க, போட்டியில எல்லாம் கப்பு வாங்கினவன். மெதுவா வந்து, "என் புரோகிராமும்தான் மாட்டிக்கிட்டு நிக்குது. மூணு நாளா. யார்கிட்டயும் சொல்லல"ன்னான்.

அம்மா: மூணு நாளா? வாயைத் திறந்து கேக்கறதுக்கு என்னவாம்?

மகள்: மேதைன்னு பேரு வச்சுட்டாங்களே, எப்படிக் கேப்பான்? அவன் சொன்னதும் பக்கத்துல இருந்தவ, "எனக்கும்". அந்த ஓரத்துல ஒருத்தன், "எனக்கும்". அம்மா, நான் ஒருத்தி இல்லம்மா! ரூம் மொத்தமும் மாட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கு, ஆளுக்கொரு மூலையில ஒளிச்சு வச்சுக்கிட்டு. அன்னைக்கு ராவே... இல்ல, அந்த நிமிஷமே அந்தப் பாரம் எனக்கு மறந்து போச்சு.

பெரியம்மா: பொறு, பொறு. அதுக்கப்புறம்தானே தினம் மத்தியானம் எங்களுக்கு போன் பண்ண ஆரம்பிச்சே?

மகள்: ஆமா. நான் எழுதினதை வரி வரியா உங்களுக்குச் சொல்வேன். நீங்க எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டே "அப்புறம்?", "அப்புறம்?"னு கேப்பீங்க.

பெரியம்மா: எனக்கு ஒரு எழவும் புரிஞ்சதில்ல, சொல்லிட்டேன்.

மகள்: தெரியும். ஆனா நீங்க "அப்ப அந்த மூணாவது ஆள் எங்க போனான்?"னு கேட்ட அன்னைக்குத்தான் என் தப்பு எனக்கே தெரிஞ்சுது. புரோகிராம்ல மூணாவதா ஒரு பேரை ஏத்திட்டு, அப்புறம் அதை எங்கயும் பயன்படுத்தாம விட்டிருந்தேன்.

பெரியம்மா: கேட்டியாடி? உன் பொண்ணுக்குப் பாடம் எடுத்தது நான்!

அம்மா: எடுத்தே, எடுத்தே. நீ சொல்லும்மா. அப்புறம்?

மகள்: அப்புறம் லேப்ல அதுவே பழக்கமாயிடுச்சு. மாட்டிக்கிட்டா கத்தணும். கத்தினா பக்கத்துல இருக்கிறவங்க வரணும். முதல்ல நிறுத்தணும், ஏன்னு கேக்கக் கூடாது. சாயந்திரம் கேன்டீன்ல டீக்கு நிக்கும்போது அன்னைக்குப் பெரிய தப்புப் பண்ணினவங்க கதை சொல்லணும். மேதைதான் தினமும் சொல்றான். வருஷா வருஷம் எங்க துறையில அறுபது பேர்ல இருபது பேராவது நடுவுல நின்னுடுவாங்களாம். இந்த வருஷம் நாலு பேர்தான்.

பெரியம்மா: நம்ம ரூம் சத்தம் அங்க வரைக்கும் போயிருக்கு பாரேன்!

அம்மா: இதையெல்லாம் ஏன்டி எங்ககிட்ட சொல்லல? தினமும் போன்ல பேசறே. லூப்புங்கறே, கீப்புங்கறே. இதைச் சொல்லலையே? ஏன் தலையைக் குனிஞ்சுக்கறே?

மகள்: எங்க லேப் மேடம் ஒரு நாள் கேட்டாங்கம்மா. "இந்தப் பழக்கத்தை எங்க கத்துக்கிட்டே?"ன்னு. எல்லாரும் இருந்தாங்க. நான்... ஒரு புத்தகத்துல படிச்சேன்னு சொல்லிட்டேன்.

பெரியம்மா: ...புத்தகத்துலயா.

மகள்: வாய்ல வரல பெரியம்மா. சலவை ரூம்னு சொல்ல... நாக்கு ஒட்டிக்கிச்சு. அதுக்கப்புறம் உங்களுக்கு போன் பண்ணும்போதெல்லாம் குறுகுறுன்னு இருக்கும். அதான் சொல்லல.

அம்மா: சரி விடு. புத்தகம்னா என்ன. நல்லதுதானே.

மகள்: நல்லது இல்ல. நேத்து இந்த வேலைக்கு இன்டர்வியூ. மேடத்தோட இன்னும் நாலு பேர் உக்காந்திருக்காங்க. அதே கேள்வி. "அந்தப் புத்தகம் பேரு என்ன? மத்தவங்களுக்கும் வாங்கலாம்"னாங்க. நான் எழுந்திரிச்சு நின்னுட்டேன்.

அம்மா: நின்னு?

மகள்: "என் கை"ன்னேன். "புத்தகம்னு சொன்னது பொய். எங்க அம்மா ஆஸ்பத்திரிச் சலவை ரூம்ல வேலை பார்க்கறாங்க. பதினாலு பேர். அங்க ஒருத்தர் தப்புப் பண்ணினா பதினாலு பேரும் ஓடி வருவாங்க. நான் அந்தத் துணி மூட்டைங்களுக்கு நடுவுலதான் வளந்தேன். இது அவங்களுது"ன்னேன்.

பெரியம்மா: ஏய்... ஏன்டி அழறே? சிரிடி! எனக்கே மூக்கு ஒழுகுது.

அம்மா: ஆவிக்கா அது. கண்ணுல ஆவி பட்டுடுச்சு.

பெரியம்மா: ஆவியை நிறுத்தி அரை மணி ஆச்சு!

மகள்: இன்னொண்ணு இருக்கு பெரியம்மா. புதுப் பிள்ளைங்க வர்ற முதல் நாள் நீங்க வந்து பேசணுமாம். மேடம் கேக்கச் சொன்னாங்க.

பெரியம்மா: நானா? நான் என்னடி பேசுவேன்?

மகள்: நீலக் கோட்டுக் கதை. அவ்வளவுதான்.

பெரியம்மா: அடக் கடவுளே... காலேஜ்ல ஏறி நின்னு, நான் கோட்டைக் கெடுத்த கதையையா? என்ன உடுத்திக்கிட்டு வர்றது? கிளிப்பச்சை ஒண்ணு இருக்கு, அதைத் தேய்ச்சு... இல்ல, நான் தேய்க்க மாட்டேன், இன்னைக்கு என் கை ராசியில்ல. நீ தேய்ச்சுக் குடுடி.

அம்மா: தேய்ச்சுத் தர்றேன். பேனாவைக் குடு. எங்க போடணும்?

மகள்: இந்தக் கோட்டுல. ஈரக்கை பரவாயில்லையா?

அம்மா: வாயை மூடு. கொஞ்சம் இரு. ம். ஆச்சா? எழுத்து கோணலா இருக்கோ?

பெரியம்மா: கோணலாவே இருக்கட்டும். நான் வண்டியைத் தள்ளிக்கிட்டு நாலாவது வார்டுக்குப் போறேன். போற வழியில ஒருத்தர் விடாம சொல்லணும். வாட்ச்மேன்லேர்ந்து ஆரம்பிக்கறேன்.

அம்மா: துணியைக் குடுக்க மறந்துடாதே!

பெரியம்மா: துணி கெடக்கு, போடி!

மகள்: ...லிப்ட்ல ஏறியாச்சு. சத்தம் இன்னும் கேக்குது. சரிம்மா, நான் கிளம்பட்டுமா? மணி மூணு ஆகப் போகுது.

அம்மா: இரு. இந்தக் கீழ விழுந்த பெட்ஷீட் ஒண்ணு இருக்கு. பிடி.

மகள்: துவைக்கணும்னு சொன்னியே?

அம்மா: பிடின்னா பிடியேன். ...நீ அத்தனை பேர் முன்னால எழுந்திரிச்சு நின்னேன்னு சொன்னே பாரு. அதைக் கேட்ட பிறகு எனக்கு உள்ள இருக்க மாட்டேங்குது.

மகள்: எது?

அம்மா: என் கை.

மகள்: எதும்மா? இது ஒழுங்காத்தானே இருக்கு?

அம்மா: பெட்ஷீட் இல்லடி. உன் லெட்டர். தெரியாம போகல அது. எடுத்தேன். படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். நாலா மடிச்சு அதே பாக்கெட்ல வச்சு, பட்டனைப் போட்டு, சட்டையை டிரம்ல போட்டு நானே ஓட விட்டேன். அப்புறம்தான் ஒண்ணும் தெரியாதவ மாதிரி கத்தினேன். ஏன்னு கேக்க மாட்டியா?

மகள்: அது டீ நேரத்துக்கு.

அம்மா: இப்பவே சொல்லிடறேன். நீ நேர்ல சொல்லியிருந்தா வேற. சொல்ல வாய் வரலேன்னா, விட மனசு வரலேன்னுதானே அர்த்தம்னு தோணுச்சு. ஒரு வாரம் தள்ளிப் போகட்டும், அதுக்குள்ள ஏதாவது நடக்காதான்னு... திட்டணும்னா திட்டிடு. பெரியம்மாகிட்ட சொல்லணும்னாலும் சொல்லு. அவ முன்னால பத்தொன்பது வருஷப் பேரு போச்சேன்னு எட்டு மாசமா முழுங்கிக்கிட்டு இருக்கேன்.

மகள்: துவைச்ச சட்டையை நீ காட்டினப்ப பாக்கெட் பட்டன் போட்டிருந்துச்சு. நான் பட்டன் போடலம்மா.

அம்மா: அப்ப... அன்னைக்கே தெரியுமா உனக்கு? தெரிஞ்சுக்கிட்டா எட்டு மாசம் வாயைத் திறக்காம இருந்தே?

மகள்: ஒரு பாக்கெட்டைக்கூடத் தப்பவிடாதவகிட்ட, லெட்டர் பாதி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி வச்சுத்தானேம்மா அந்தச் சட்டையைக் குடுத்தேன். மறந்தெல்லாம் வைக்கல. நீ பார்க்கணும், பார்த்து எப்படியாவது நிறுத்தணும்னுதான்... அதனால உன் கை மட்டும் இல்ல. என் கையும்தான்.